சவர்த் தண்ணீரும் கொட்டும் முடியும்: புத்தளம் கரையோரத்தின் மருந்துக் கேள்விகள்

புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தில் முடி கொட்டும் பேச்சு எங்கே எழுந்தாலும் பழி முதலில் தண்ணீரின் மேல்தான் விழும். அதற்குக் காரணமும் உண்டு. ஒரு பக்கம் இந்து சமுத்திரம், மறுபக்கம் களப்பு என்று நீண்டு கிடக்கும் கற்பிட்டித் தீபகற்பத்தில், மணலுக்கு அடியில் உப்பு நீரின் மேல் தங்கியிருக்கும் மெல்லிய நன்னீர்ப் படையிலிருந்துதான் கிணறுகள் ஊறுகின்றன. மழை பிந்தினாலும், தோட்டத்துக்கு மோட்டார் வைத்து அளவுக்கு மிஞ்சி இறைத்தாலும் சவர் ஏறிவிடும். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இடும் உரம் மணலில் எளிதாக இறங்குவதால் பல கிணறுகளில் நைத்திரேற்றும் கூடுதல். உட்புறக் கிணறுகள் சிலவற்றில் நீர் கடினமாக இருக்கும். சவர்க்காரம் நுரைக்காது, தலை முழுகியபின் முடி கயிறுபோல முறுகி நிற்கும்.

இந்தத் தண்ணீர் முடியைக் கெடுக்கிறது என்பது சரி. முடியை வேரோடு உதிர்க்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. கடின நீரிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் முடித்தண்டின் மேல் படிகின்றன. தண்டு சொரசொரப்பாகி, சீவும்போது சிக்கி நடுவில் முறிகிறது. முடி முளைக்கும் குழியோ தோலுக்குள் சில மில்லிமீற்றர் ஆழத்தில், இரத்த ஓட்டத்தை நம்பி இருக்கிறது. வெளியே ஊற்றும் நீர் அங்கே போய்ச் சேர்வதில்லை. எது நடக்கிறது என்பதைச் சீப்பில் சிக்கிய முடியைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். ஒரு முனையில் வெண்ணிறமான சிறு குமிழ் இருந்தால் அது வேரிலிருந்து உதிர்ந்த முடி. குமிழ் இல்லாமல் துண்டு துண்டாக வந்தால் முறிந்த முடி. முறிவுக்குக் குளிசை தேவையில்லை. கடைசியாக ஒரு வாளி மழைநீரிலோ வடிகட்டிய நீரிலோ தலையை அலசுவதும், ஈரத்தலையை முரட்டுத்தனமாகச் சீவாதிருப்பதும் போதும்.

வளைகுடா நாடுகளுக்கு உழைக்கப் போனவர்கள் சொல்லும் கதையும் இதே வகைதான். கட்டாருக்கோ குவைத்துக்கோ போய் இரண்டு வருடத்தில் நெற்றி ஏறிவிட்டது, அங்கே சுத்திகரித்த கடல் நீரில் குளித்ததால் வந்த வினை என்பார்கள். ஆனால் பெரும்பாலானோர் புறப்படுவது இருபதுகளின் தொடக்கத்தில். ஆண்களுக்குப் பரம்பரை வழுக்கை வெளியில் தெரியத் தொடங்குவதும் அதே வயதில்தான். ஊரிலேயே இருந்த தம்பிக்கும் அதே நெற்றி ஏறியிருக்கும். அவன் யாரையும் குற்றம் சொல்லாததால் அது கணக்கில் வருவதில்லை. தண்ணீரைக் குற்றம் சொல்வதால் வரும் உண்மையான நட்டம், மருந்து நன்றாக வேலை செய்யக்கூடிய முதல் சில வருடங்கள் வீணாவதுதான்.

எந்த மருந்து நல்லது என்ற கேள்விக்கு, எந்த உதிர்வு என்று தெரியாமல் பதில் இல்லை. தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உண்டு. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு வருடம் வளர்ந்து, சில மாதம் ஓய்ந்து, பின் உதிரும். நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு முடி வரை போவது இயல்பு. பெரிய காய்ச்சல், சத்திரசிகிச்சை, பிள்ளைப்பேறு, திடீரென்று உடல் மெலிதல் இவற்றில் ஒன்று நேர்ந்தால் ஏராளமான முடிகள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து ஒன்றாகக் கொட்டுகின்றன. 2017இல் இலங்கையில் 1,86,101 பேருக்கு டெங்கு எனப் பதிவானது. 2025இல் சிக்குன்குனியா திரும்பவும் பரவியது. இத்தகைய காய்ச்சல்களுக்குப் பின் கைநிறைய முடி வருவதைக் கண்டு பயந்தவர்கள் பலர். இடையில் மாதங்கள் கடந்துவிடுவதால் காய்ச்சலையும் முடியையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. அந்த வாரம் மாற்றிய ஷாம்பூவே மாட்டிக்கொள்ளும். இந்த உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக அடங்கும். இதற்கென்று மருந்து எதுவும் கட்டாயமில்லை. அந்த ஆறு மாதத்தில் எந்த எண்ணெயைத் தேய்த்தாலும் அந்த எண்ணெய்க்குப் புகழ் வந்துவிடும்.

காய்ச்சலும் பிள்ளைப்பேறும் இல்லாமலே உதிர்வு நீடித்தால் இரத்தப் பரிசோதனை வேண்டும். தைரொயிட் குறைபாட்டையும் இரும்புச்சத்துக் குறைவையும் முதலில் பார்ப்பார்கள். இரும்புக் குளிசையைப் பாமசியில் கேட்டு வாங்கித் தாமாகவே விழுங்குவது இந்தப் பகுதியில் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய பழக்கம். பரம்பரை இரத்த நோயான தலசீமியா இலங்கையில் அதிகம் காணப்படும் பிரதேசங்களில், புத்தளமும் அடங்கும் வடமேல் மாகாணம் ஒன்று. அந்நோய்க்கான தேசிய நிலையம் குருநாகலில் இருப்பதும் அதனால்தான். அந்த மரபணுவை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பெற்றவருக்கு நோயில்லை. ஆனால் இரத்த அறிக்கையில் சிவப்பணுக்கள் சிறுத்து, இரும்புக் குறைவு போலவே தெரியும். உடலில் இரும்பு போதுமானதாக இருக்கும்போது மாதக்கணக்கில் குளிசை விழுங்குவதால் முடி வளராது, வயிறுதான் கெடும். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்த்தால் சந்தேகம் பெருமளவு தீரும். உண்மையிலேயே குறைவு இருப்பவர்கள் குளிசையைச் சோற்றோடும் பிளேன்டீயோடும் எடுக்கக்கூடாது. தேயிலை இரும்பை உடலில் சேரவிடாது. இரண்டுக்கும் இடையே ஒன்றிரண்டு மணி நேரம் விட வேண்டும்.

பயோட்டின் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 30 மைக்ரோகிராம். அது சாதாரண சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும். கடையில் விற்பது 5,000, 10,000 மைக்ரோகிராம். குறைபாடு இல்லாதவருக்கு அது முடி வளர்த்ததாக நல்ல ஆதாரம் இல்லை. மாறாக, இரத்தப் பரிசோதனைகளைக் குழப்பும். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. தைரொயிட் பரிசோதனையும் பிழைக்கலாம். மீன் ஈரல் எண்ணெயும் அளவோடு இருக்க வேண்டும். அதிலுள்ள விற்றமின் ஏ மிதமிஞ்சினால் அதுவே முடியை உதிர்க்கும். ஈரல் சேராத சாதாரண மீன் எண்ணெய்க்கு இந்தக் குறை இல்லை.

புழுவெட்டு வேறு விடயம். காசளவு வட்டமாக, வழுவழுப்பாக, வலியின்றி முடி போய்விடும். புழு எதுவும் அங்கே இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் முடிக்குழிகளையே தாக்குவதால் வருவது. கற்பிட்டிப் பக்கம் சின்ன வெங்காயத்துக்குப் பஞ்சமில்லை, அதை அரைத்துத் தேய்க்கும் கைவைத்தியத்துக்கும் பஞ்சமில்லை. இதை வெறும் பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிடவும் முடியாது. 2002இல் பக்தாதில் தோல் நோய் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், வெங்காயச் சாறு பூசிய 23 பேரில் 20 பேருக்கு ஆறு வாரத்தில் முடி முளைத்திருந்தது. வெறும் தண்ணீர் பூசிய 15 பேரில் இருவருக்கு மட்டுமே. ஆனால் ஆய்வு மிகச் சிறியது, யார் எதைப் பூசினார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடந்தது, சிறிய புழுவெட்டு பல வேளைகளில் தானாகவே ஆறிவிடும். அதைவிட முக்கியம், அந்த ஆய்வு புழுவெட்டைப் பற்றியது. அதை வழுக்கைக்குப் பொருத்தி விளம்பரம் செய்பவர்கள் இந்த ஒரு சொல்லை விட்டுவிடுகிறார்கள். சிறிய புழுவெட்டுக்கு மருத்துவர்கள் வழக்கமாகத் தருவது பூசும் ஸ்டீரொயிட், அல்லது ட்ரையம்சினலோன் மருந்தை அந்த இடத்தின் தோலுக்குள்ளேயே ஏற்றும் ஊசி. தலை முழுவதும் பரவிய கடுமையான நிலைக்கு பரிசிட்டினிப் குளிசையை அமெரிக்கா 2022இல் அனுமதித்தது. விலை அதிகம், தொற்று அபாயமும் உண்டு. நிபுணரின் கண்காணிப்பில் மட்டும் தொட வேண்டிய மருந்து.

சிறுவர் தலையில் செதில் படிந்து, முடி அடியோடு முறிந்து, அரிப்பும் இருந்தால் அது பெரும்பாலும் படர்தாமரைப் பூஞ்சை. ஒருவர் தொப்பியை ஒருவர் போடும் மத்ரஸா விடுதியிலும், ஒரே சீப்பைப் பகிரும் வீட்டிலும் பரவும். பூசும் களிம்பு முடிக்குழிக்குள் இறங்காது என்பதால் கிரிசியோஃபல்வினோ டேர்பினபினோ வாய்வழியாக, பல வாரங்கள் கொடுக்க வேண்டும். ஸ்டீரொயிட் களிம்பு பூசினால் அரிப்பு அடங்கி, பூஞ்சை தழைக்கும்.

இனி, பெரும்பாலோர் உண்மையில் கேட்க வந்த பரம்பரை வழுக்கை. இதற்கு உலகெங்கும் நிலைத்து நிற்கும் மருந்துகள் இரண்டுதான்: மினொக்சிடில், ஃபினஸ்டரைட். இரண்டும் முடிக்காகத் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல.

மினொக்சிடில் முதலில் கடும் பிரஷருக்கான குளிசை. அதை விழுங்கிய நோயாளிகளின் முகத்திலும் கையிலும் முடி முளைத்ததை 1970களின் தொடக்கத்தில் கொலராடோ பல்கலைக்கழக மருத்துவர்கள் கவனித்தார்கள். பூசும் திரவமாக 2 வீத மருந்து 1988இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரு தடவைக்கு ஒரு மில்லிலீற்றர், நாளுக்கு இரண்டு தடவை, முடியில் அல்ல, தலைத்தோலில் பூச வேண்டும். தொடங்கிய இரண்டு முதல் எட்டு வாரத்துக்குள் முடி முன்னைவிட அதிகமாகக் கொட்டலாம். மருந்து ஓய்ந்திருந்த குழிகளை எழுப்புவதால் பழைய முடி இடம் விடுகிறது. இந்தக் கட்டத்தில்தான் போத்தலைத் தூக்கி எறிகிறார்கள். பலன் தெரிய நான்கு மாதமாவது ஆகும். ஒரு வருடம் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். உச்சந்தலையில் நன்றாகவும், நெற்றி ஓரத்தில் குறைவாகவும் வேலை செய்யும். பளபளவென்று ஆகிவிட்ட பழைய வழுக்கையில் முளைக்காது.

தொழுகைக்கு வுழூச் செய்வோர் கேட்பது, ஈரக்கையால் தலையைத் தடவி மஸ்ஹு செய்யும்போது மருந்து போய்விடாதா என்பது. பூசியபின் நான்கு மணி நேரம் தலை நனையாதிருந்தால் போதும். சுபஹுக்குப் பின் ஒரு தடவை, இஷாவுக்குப் பின் ஒரு தடவை என்று வைத்துக்கொண்டால் சிக்கல் தீர்கிறது. சுபஹுக்கும் லுஹருக்கும் இடையில் ஆறு மணி நேரம் கிடைக்கும், படுக்கப் போவதற்குள் தலையும் காய்ந்திருக்கும். ஈரத்தோடு படுத்தால் தலையணை வழியாக மருந்து முகத்தில் பட்டு அங்கும் முடி வளரும். இரவில் கடலுக்குப் போகும் மீனவருக்கு இந்த நேரக்கணக்கு ஒத்துவராது; வியர்வையும் கடல் நீரும் அடிக்காத வேளையாகப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும். திரவத்தில் அல்ககோல் இருப்பதால் எழும் மார்க்கக் கேள்விக்கு விடை உலமாக்களிடம். பெரும்பாலான நுரை வகைகளிலும் அல்ககோல் உண்டு என்பதை மட்டும் மருந்தறிவு சொல்ல முடியும். தலை அரித்துச் சிவந்தால் குற்றவாளி அநேகமாகத் திரவத்திலுள்ள புரோப்பிலீன் கிளைக்கோல். நுரையில் அது பொதுவாக இல்லை.

பூசிய கையைக் கழுவாமல் குழந்தையைத் தூக்கக்கூடாது. மருந்து பூசிய பெற்றோரின் தலையோடு ஒட்டி உறங்கிய கைக்குழந்தைகளின் உடலில் முடி வளர்ந்த நிகழ்வுகள் ஐரோப்பாவில் பதிவாகியுள்ளன. பூனைக்கு இது நஞ்சு. சிறு துளியை நக்கினாலும் உயிருக்கு ஆபத்து. மீன் வாடியைச் சுற்றிப் பூனை வளையவரும் ஊர்களில் இதைச் சொல்லியாக வேண்டும்.

ஃபினஸ்டரைட்டின் கதை இன்னும் விசித்திரமானது. வழுக்கைக்கு ஆண் ஹோர்மோன் வேண்டும் என்று ஜேம்ஸ் ஹமில்டன் 1942இலேயே காட்டியிருந்தார். 1974இல் டொமினிக்கன் குடியரசின் சலினாஸ் கிராமத்தில், டெஸ்டஸ்டெரோனை டி.எச்.டி. என்ற வலிய வடிவமாக மாற்றும் நொதி பிறவியிலேயே குறைந்த குடும்பங்கள் பற்றிய ஆய்வு வந்தது. அந்த ஆண்களுக்குப் புரொஸ்டேட் சிறியது, வழுக்கையும் விழவில்லை. அந்த நொதியைத் தடுக்கும் மருந்தாக ஃபினஸ்டரைட் உருவானது. 5 மில்லிகிராம் குளிசை 1992இல் புரொஸ்டேட் வீக்கத்துக்கும், 1 மில்லிகிராம் 1997இல் ஆண்களின் வழுக்கைக்கும் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டன. இரண்டு வருடம் உட்கொண்ட ஆண்களில் 83 வீதத்தினர் இருந்த முடியையாவது காத்துக்கொண்டார்கள். வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 28 வீதத்தினர்தான்.

ஆண்மை போய்விடுமா என்பதுதான் இங்கே எல்லோரும் மெல்லக் கேட்கும் கேள்வி. ஆசைக் குறைவு, விறைப்புக் குறைவு, விந்து குறைதல் இவற்றில் ஏதேனும் ஒன்று வந்தவர்கள் முதல் வருட ஆய்வில் 3.8 வீதம், வெற்றுக் குளிசையில் 2.1 வீதம். வித்தியாசம் சிறியது, ஆனால் உண்டு. பயத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது. 2007இல் இத்தாலியில் 5 மில்லிகிராம் எடுத்த புரொஸ்டேட் நோயாளிகளில், பக்கவிளைவைப் பற்றி முன்பே சொல்லப்பட்டவர்களில் 43.6 வீதத்தினரும் சொல்லப்படாதவர்களில் 15.3 வீதத்தினரும் அதை உணர்ந்ததாகக் கூறினார்கள். இதை வைத்து எல்லாம் மனப்பிரமை என்று ஒதுக்குவது நியாயமில்லை. மருந்தை நிறுத்திய பின்னும் குறை நீடித்ததாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தற்கொலை எண்ணம் இதன் பக்கவிளைவுகளில் ஒன்று என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் உறுதிசெய்தது. மனச்சோர்வு இருந்தவர் அதை மருத்துவரிடம் மறைக்கக்கூடாது. மருந்து எடுக்கும்போது மனம் இருண்டால் குளிசையை நிறுத்தி உடனே வைத்தியரைப் பார்க்க வேண்டும்.

பிள்ளை கிடைக்குமா என்பது அடுத்தது. சிலருக்கு விந்தணு குறையலாம், நிறுத்தினால் பொதுவாகத் திரும்பும். கணவன் குளிசை எடுப்பதால் கருவுக்குக் கேடு வரும் அளவு மருந்து விந்தில் இருப்பதில்லை. உடைந்த குளிசையின் தூள்தான் ஆபத்து. கர்ப்பிணியின் தோல்வழி உட்சென்றால் ஆண் கருவின் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். செலவை மிச்சப்படுத்த வாப்பாவின் புரொஸ்டேட் குளிசையைக் கத்தியால் நான்காக வெட்டும் பழக்கம் ஆங்காங்கே உண்டு. கால் துண்டில் 1.25 மில்லிகிராம் வரும், கணக்கு பிழையில்லை. ஆனால் அந்தக் கத்தியையும் தட்டையும் கழுவுவது வீட்டுப் பெண் என்றால் கணக்கு மாறிவிடும். முழு 5 மில்லிகிராமையும் விழுங்கினால் முடி கூடுதலாக வளரும் என்பதும் இல்லை. ஐம்பது தாண்டியவர் புரொஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது இந்தக் குளிசை எடுப்பதைச் சொல்ல வேண்டும். அது அந்த அளவை ஏறக்குறைய பாதியாக்கும். இரத்ததான முகாமிலும் சொல்ல வேண்டும். பல நாடுகளில் ஃபினஸ்டரைட்டை நிறுத்தி ஒரு மாதம், அதே வகை மருந்தான டியூட்டஸ்டரைட்டை நிறுத்தி ஆறு மாதம் கழித்தே இரத்தம் எடுக்கிறார்கள். ஏற்றப்படுபவர் கர்ப்பிணியாக இருக்கலாம்.

டியூட்டஸ்டரைட் இதைவிட வலியது, உடலில் பல மாதம் தங்கும். தென் கொரியாவும் ஜப்பானும் வழுக்கைக்கு அனுமதித்துள்ளன, அமெரிக்கா அனுமதிக்கவில்லை. அது ஜெலட்டின் உறையில் வருவதால், உறை எந்த விலங்கிலிருந்து என்ற கேள்வி முஸ்லிம்களிடம் எழுவது இயல்பு. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பாமசிஸ்டிடம் கேட்கலாம். ஃபினஸ்டரைட்டில் இந்தச் சிக்கல் பொதுவாக இல்லை, அது வெறும் குளிசை. நோன்பு மாதத்திலும் தடையில்லை: நாளுக்கு ஒன்று, ஸஹரிலோ நோன்பு திறந்த பின்னோ எடுக்கலாம். அண்மைக் காலத்தில் மினொக்சிடிலைச் சிறு அளவில், 5 மில்லிகிராமுக்கு மேற்படாமல், குளிசையாகவே கொடுக்கிறார்கள். கால் வீக்கம், படபடப்பு, உடலெங்கும் முடி ஆகியன வரலாம். இதயநோய் உள்ளவர், பிரஷர் மருந்து எடுப்பவர் தாமாகத் தொடவே கூடாது.

பரம்பரை உதிர்வில் பெண்களுக்கு வகிடு அகலும், நெற்றிக்கோடு பெரும்பாலும் நிற்கும். முதல் மருந்து பூசும் மினொக்சிடில். 2 வீதம் இரண்டு தடவை அல்லது 5 வீத நுரை ஒரு தடவை. கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் தவிர்ப்பார்கள். ஆண் ஹோர்மோனைத் தடுக்கும் ஸ்பைரனோலக்டோன் சிலருக்குத் தரப்படும், கருத்தரிக்காதிருக்கும் ஏற்பாட்டோடு. முகத்தில் முடி, மாதவிடாய் ஒழுங்கின்மை சேர்ந்திருந்தால் ஹோர்மோன் பரிசோதனை முதலில். ஹிஜாப் அணிவதால் முடி உதிர்வதில்லை. உள்ளே ஈரத்தலையை இறுக்கிக் கொண்டையிட்டு ஊசி குத்துவதுதான் நெற்றி ஓர முடியைப் பிடுங்கும். நீண்ட காலம் அப்படி இழுபட்ட குழி செத்துவிட்டால் மருந்துக்கு வேலையில்லை.

நேர்த்திக்கு மொட்டை போட்டாலோ, உம்ராவில் தலை மழித்தாலோ, பிள்ளைக்கு ஏழாம் நாள் முடி களைந்தாலோ முடி அடர்த்தியாக வராது. வெட்டிய நுனி தடித்திருப்பதால் அப்படித் தோன்றும். தென்னை முக்கோணத்தின் ஒரு முனையான இந்த மாவட்டத்தில் தேங்காய் எண்ணெய்க்குத் தனி மரியாதை உண்டு, ஓரளவு தகுதியும் உண்டு. 2003இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு, அது முடித்தண்டுக்குள் ஊறிப் புரத இழப்பைக் குறைப்பதைக் காட்டியது. ஆய்வைச் செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தினர் என்றாலும் முடிவு நம்பத்தக்கதே. சவர்த் தண்ணீரில் முறியும் முடிக்கு அது நல்ல காப்பு. செவ்வரத்தையும் கையாந்தகரையும் போட்டுக் காய்ச்சினாலும் வழுக்கையை அது மாற்றாது. மினொக்சிடில் பூசுபவர் எண்ணெயை மருந்துக்கு முன் வைக்கக்கூடாது, சில மணி நேரம் கழித்து வைக்கலாம்.

நிறுத்தினால் என்ன ஆகும்? மினொக்சிடிலால் வந்த முடி மூன்று நான்கு மாதத்தில் போகும், ஃபினஸ்டரைட்டால் நின்றது ஒரு வருடத்துக்குள். நிறுத்தியதால் முன்னைவிட மோசமாவதில்லை. மருந்தே எடுக்காதிருந்தால் எங்கே வந்திருக்குமோ அங்கே வந்து நிற்கும். முடி நட்டவர்களுக்கும் இது பொருந்தும்: நட்ட முடி நிற்கும், சுற்றியுள்ள பழைய முடிக்கு மருந்து தொடர வேண்டும்.

வாங்கும்போது 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பதிவு உள்ள மருந்தா என்று பாமசியில் கேட்கலாம். முகநூலில் விற்கும் லேபல் இல்லாத போத்தலில் ஸ்டீரொயிடோ ஃபினஸ்டரைட்டோ கலந்திருந்தால் வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. வளைகுடாவிலிருந்து வந்த போத்தல் என்றால் திகதியைப் பார்க்க வேண்டும். தலைத்தோல் எரிந்து வலித்தாலும், முடி போன இடத்தில் குழிகளே தெரியாமல் தழும்பாகி வழுவழுத்தாலும், சீழ் வந்தாலும் பாமசியோடு நிற்காமல் புத்தளம் தள வைத்தியசாலையிலோ சிலாபம் மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ காட்டி, தோல் நோய் நிபுணரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். தழும்பாகும் உதிர்வில் போன முடியை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. பரவாமல் தடுக்க மட்டுமே முடியும். அதற்குக் கிடைக்கும் அவகாசம் சில மாதங்கள்தான்.